கடற்சுவர்க் கோப்பு

அட்சிகோபே அஞ்சலகம்
பிப்ரவரி 3

அன்புத் தம்பி கோசிக்கு,

அக்கா யாவா எழுதுவது. காலையில் எழுந்துவிடுகிறேன், முழங்கால்தான் என்னோடு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. உன் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை விழுங்குகிறாயா, இல்லை மேசை இழுப்பறையில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறாயா?

நீ அமைச்சரானதை வானொலி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷம் அரசாங்கத்துக்குக் கோப்பு எழுதிய கைக்கு, கூடப் பிறந்தவளுக்கு நாலு வார்த்தை தந்தி கொடுக்க முடியவில்லை. இத்தனைக்கும் தந்தி வந்து சேரும் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கரையோர மேம்பாட்டு அமைச்சர் என்று உன் பெயரை வாசித்ததும் ஊர் ஆட ஆரம்பித்தது. மூன்றாம் நாள் இன்று, இன்னும் ஓயவில்லை. ஊர்த்தலைவர் மண்ணில் ஜின் சாராயம் ஊற்றி முன்னோரைக் கூப்பிட்டு உன் பேரைச் சொன்னார். மீனவர் தலைவர் டோட்சே வேலை நேரத்தில் அஞ்சலகத்துக்குள் வந்து, என் மேசைமேல் ஏறி உட்காராத குறையாக, "அக்கா, கடலுக்கு இனிமே நம்மகிட்ட வேலை இல்ல. நம்ம கோசி ஒரு கையெழுத்துப் போட்டா போதும், வந்த வழியே போயிடும்" என்றார்.

கடலைத் தடுக்கச் சுவர் கேட்டு இருபது வருஷமாக இந்த ஊர் அனுப்பிய மனுக்கள் அத்தனைக்கும் முத்திரை குத்தியவள் நான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ வந்து, என் சமையலறையில் அக்ப்ளே களியும் வெண்டைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஒரே பதிலைச் சொல்வாய். "நான் எழுதி மேலே அனுப்பிட்டேன் அக்கா. அமைச்சர் கையெழுத்துதான் பாக்கி." இப்போது அந்த அமைச்சர் நீ. என் சமையலறை வாசலிலிருந்து கடல் முப்பத்தொரு எட்டு நடையில் இருக்கிறது. சுவர் வேலை எப்போது ஆரம்பம் என்று மட்டும் எழுது.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா,
யாவா


அக்ரா
பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் சுகம். மாத்திரை சாப்பிடுகிறேன். தந்தி கொடுக்காதது என் தப்புத்தான். பதவியேற்ற அன்று காலைதான் எனக்கே உறுதியாகத் தெரிந்தது.

புழுதிக்காற்றில் அக்ரா முழுக்க மூக்கடைத்துக் கிடக்கிறது. அமைச்சர் பங்களாவில் ஒன்பது அறைகள். ஐந்தை நாங்கள் திறக்கவே இல்லை. கடல் பக்கம் இல்லை, தோட்டம் இருக்கிறது. நீ ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கேயே வந்து இருந்துவிட்டால் என்ன? மூட்டுக்கு நல்ல வைத்தியரும் இருக்கிறார்.

கோப்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நாலு பெரிய கட்டு, படிக்க நாளாகும். அதுவரை அதிகம் கொண்டாட வேண்டாம் என்று ஊர்க்காரர்களிடம் நீதான் சொல்ல வேண்டும். டோட்சேயிடம் முக்கியமாகச் சொல்.

உன் பிரியமுள்ள தம்பி,
கோசி


அட்சிகோபே
மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நான் வழக்கம்போல.

நான் சுவரைக் கேட்டேன், நீ பங்களாவைச் சொல்கிறாய். ஒன்பது அறை இருந்தால் எனக்கென்ன, ஒன்பது முழங்காலா இருக்கிறது? இங்கே முந்நூறு வீடு இருக்கிறதே, எல்லோரையும் அந்த ஐந்து அறையில் படுக்க வைப்பாயா?

உன் அக்கா என்பதால் எனக்கு முத்திரை குத்த நேரமில்லை. ஒருத்தி வந்து, சுவர் தன் வெங்காயப் பாத்தியை மறைத்துவிடக் கூடாது, கொஞ்சம் வளைத்துக் கட்டச் சொல் என்கிறாள். தேவாலயப் பெண்கள் திறப்பு விழாவுக்கு ஒரே நிறத்தில் துணி எடுத்துவிட்டார்கள். கொண்டாடாதீர்கள் என்று உன் பேச்சைச் சொன்னேன். "உங்க தம்பிக்கு அடக்கம் ஜாஸ்திம்மா" என்று அதற்கும் சேர்த்து உன்னைப் புகழ்ந்தார்கள். நான் என்ன செய்ய?

கோப்பைப் படித்து முடித்தாயா? முப்பது வருஷம் எழுதியவனுக்கு ஒரு மாசம் போதாதா படிக்க? நேற்று அளந்தேன். இருபத்தேழு.

மாத்திரையை மறக்காதே. உப்பைக் குறை.

அக்கா,
யாவா


கரையோர மேம்பாட்டு அமைச்சகம்
அக்ரா
ஏப்ரல் 9

அம்மையீர்,

தாங்கள் நலமென நம்புகிறோம். தங்களின் மார்ச் 18 தேதியிட்ட மனு மாண்புமிகு அமைச்சர் அவர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதில் கண்ட பொருள் தக்க பரிசீலனையில் உள்ளது. உப்பு மற்றும் மாத்திரை தொடர்பான தங்கள் கோரிக்கைகளும் குறித்துக்கொள்ளப்பட்டன.

தங்கள் உண்மையுள்ள,
ஜே. லார்ட்டே
அமைச்சரின் தனிச்செயலர்


அட்சிகோபே
ஏப்ரல் 15

கோசி,

சுகம் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. உன் செயலரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

மனுவா? நான் உனக்கு மனு போட்டேனா? அம்மா இறந்தபின் உன் சட்டைக்குப் பொத்தான் தைத்தவள் அம்மையீரா? அந்தப் பையன் லார்ட்டேயின் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

உன் கையால் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

யாவா


அக்ரா
மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துவிடு. கடிதங்களெல்லாம் ஒரே கூடையில் போய்விட்டன. லார்ட்டே நல்ல பிள்ளை. உன் பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி உன் கடிதத்தை நானே பிரிப்பேன். வீட்டில் அனைவரும் நலம். உன் மூட்டுக்கு இதோடு தைலம் அனுப்பியிருக்கிறேன், தடவிக்கொள்.

அடுத்த மாதம் நில அளவையாளர்கள் வருவார்கள். ஊருக்குச் சந்தோஷமாக இருக்கும். மழை விட்டதும் நானும் வருகிறேன்.

இன்னொன்று. நம் ஊர் உப்பேரிக்கு வடக்கே மேட்டுநிலம் அரசாங்கத்திடம் நிறைய இருக்கிறது. நல்ல மண். அங்கே உனக்கென்று ஒரு மனை பார்த்து வைக்கட்டுமா? யோசித்துச் சொல். அவசரமில்லை. ஆனால் யோசி.

உன் தம்பி,
கோசி


அட்சிகோபே
ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். தைலம் நன்றாக எரிகிறது. மூட்டுவலி இருக்கிறது.

அளவையாளர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஊரே பின்னால் போனது. மணலில் குச்சி நட்டார்கள், கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் கடல் வந்து குச்சிகளை எடுத்துக்கொண்டு போனது. அந்த வாரமே டோட்சேயின் அண்ணன் வீடும் போனது. ஆட்கள் தப்பித்தார்கள். சுவர்தான் வருகிறதே என்று அவர் சாமான்களைக்கூட நகர்த்தி வைக்கவில்லை.

அளவையாளர்களுக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. மூத்தவர் மீனைப் பிய்த்துக்கொண்டே, "ஒரே எடத்த எத்தன தடவதான் அளக்கச் சொல்வாங்களோ. முடிவெடுத்துப் பதினாலு வருஷமாச்சு" என்றார். என்ன முடிவு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த உன் படத்தைப் பார்த்தார். "குழம்பு நல்லாருக்கும்மா" என்றார்.

என்ன முடிவு, கோசி?

அக்கா,
யாவா


அட்சிகோபே
ஜூலை 30

கோசி,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பதாகச் செய்தித்தாளில் பார்த்தேன். எங்கோ ஒரு பாலத்தில் ரிப்பன் வெட்டுகிறாய்.

நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடிதம் வழியில் தொலைந்தது என்று வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல். அஞ்சலகக்காரியிடம் சொல்லாதே.

உன் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த எஃப்ரேம் ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருக்கிறார், தெரியுமல்லவா? அளவையாளர் சொன்னதை அவரிடம் கேட்டேன். வேண்டாம் யாவா, விடு என்றார். நான் விடவில்லை, மூன்று வாரம் நடந்தேன். கடைசியில் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு கார்பன் நகலை எடுத்துக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஒரே பக்கம். "சுவரின் செலவு அது காக்கக்கூடிய ஊரின் மதிப்பைவிட அதிகம். எனினும் கோரிக்கையை நிராகரிக்க வேண்டியதில்லை. நிலுவையில் வைத்திருந்தால் போதும். கடல் நெருங்க நெருங்க மக்கள் தாமாகவே இடம்பெயர்வர்." கீழே கையெழுத்து, கே. அமெவோர். அந்தக் கையெழுத்தை நீ பள்ளிக்கூடப் பலகையில் பழகிய காலத்திலிருந்து எனக்குத் தெரியும்.

இதை எழுதிவிட்டுப் பதினாலு கிறிஸ்துமஸ் என் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். ஒரு தடவையாவது தொண்டையில் சிக்கவில்லையா?

இதுவரை யாரிடமும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

யாவா


அக்ரா
ஆகஸ்ட் 14

அக்கா,

நீ சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எழுதியது நான்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் என்னைத் தூங்கவைத்தது அதுதான். அன்றைக்கு இருந்த அமைச்சர் என்னைக் கூப்பிட்டு, "முடியாதுன்னு சொன்னா ஊர் கொதிக்கும். முடியும்னு சொல்லப் பணம் இல்ல. ரெண்டும் இல்லாம ஒரு வார்த்த கண்டுபிடிங்க" என்றார். கண்டுபிடித்தேன். அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு. நான் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதியிருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அந்த வேறொருவனுக்கு நீ அக்கா இல்லை.

அமைச்சரானால் மாற்றிவிடலாம் என்று மனப்பூர்வமாக நம்பித்தான் பதவியை ஏற்றேன். மே மாதம் அமைச்சரவையில் சுவருக்கு நிதி கேட்டேன். நிதியமைச்சர் கோப்பைத் திறந்து என் குறிப்பையே எனக்குப் படித்துக் காட்டினார். "இத எழுதின அதிகாரி ரொம்பக் கெட்டிக்காரர். அவர் சொன்னதையே கேப்போமே" என்றார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. தேர்தல் வருகிறது. செப்டம்பர் 27, ஊர்த் திருவிழா அன்று நான் அட்சிகோபேக்கு வந்து சுவருக்கு அடிக்கல் நாட்ட வேண்டுமாம். கல்லைச் செதுக்கிவிட்டார்கள். கல்லைத் தவிர வேறெதற்கும் ஒதுக்கீடு இல்லை. மறுத்தால் என் பதவி போகும். போனால் நாளைக்கு ஒரு நல்லது செய்யும் வாய்ப்பும் போகும்.

அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டாதே என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோசி


அட்சிகோபே
ஆகஸ்ட் 24

கோசி,

நான் நலமாக இல்லை. கடல் இப்போது பதினெட்டு எட்டு நடையில்.

நாளைக்குச் செய்யப்போகும் நல்லதைப் பற்றி என்னிடம் எழுதாதே. அந்த நாளைக்கு இந்த ஊர் பதினாலு வருஷமாகக் காத்திருக்கிறது.

அடிக்கல் என்ற பேச்சு உனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. என்ன நடக்கிறது தெரியுமா? டோட்சே, மீன் சுடும் அடுப்பைக் கடல் பக்கமாகவே புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார், செங்கல் வைத்து. நகர்ந்து போகலாம் என்றிருந்த இரண்டு குடும்பம் சாமான்களை இறக்கிவிட்டன. அவருடைய அண்ணன் அதே இடத்தில் மறுபடி கூரை போடுகிறார். அந்தக் கூரைக்கடியில் நாலு குழந்தைகள் படுக்கின்றன. மக்கள் தாமாகவே இடம்பெயர்வர் என்று எழுதினாயே. எங்கே பெயர்ந்தார்கள்? நீ நிலுவையில் வைத்தாய், அவர்கள் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதுவரை வீடு போனது. இனி ஆள் போகும்.

காகிதத்தை நான் காட்ட மாட்டேன். அது என் வேலையில்லை, உன் வேலை. வருவதானால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வா. கல்லை நாட்டிவிட்டுப் போகத்தான் வருகிறாய் என்றால், என் வீட்டுப் பக்கம் வராதே. அன்றைக்கும், அதற்குப் பிறகும்.

யாவா


அட்சிகோபே
செப்டம்பர் 30

தம்பி,

தோள் எப்படி இருக்கிறது? டோட்சேயின் செருப்பு வலது தோளில் பட்டதைப் பார்த்தேன். நன்றாக வலிக்கட்டும். எண்ணெய் தேய்த்துக்கொள்.

நீ ஆகஸ்ட் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. அதனால் நீ என்ன செய்வாய் என்று தெரியாமல்தான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காட்ட மாட்டேன் என்று எழுதிவிட்டு, காகிதத்தைக் கைப்பையில் எடுத்துத்தான் வந்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லின் மேலிருந்த துணியை இழுக்காமல் நீ ஒலிபெருக்கியைப் பிடித்ததும் என் கை பையை விட்டது. அந்தக் குறிப்பை நீ பார்க்காமலே ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாய். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அது உன் தொண்டையில் சிக்கியேதான் இருந்திருக்கிறது.

டோட்சே எழுந்து, "அப்ப செவுரு இல்லையா?" என்று கேட்டதும், நீ, "இல்ல" என்றதும், அவர், "எப்பவுமே இல்லையா?" என்றதும், நீ, "இல்லண்ணே. நான்தான் அப்பவே சொல்லியிருக்கணும்" என்றதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இருபது வருஷத்தில் இந்த ஊருக்குக் கிடைத்த முதல் பதில் அது.

உன்னைக் காரில் தள்ளிக்கொண்டு போன பின் நடந்தது உனக்குத் தெரியாது. யாரும் எழுந்திருக்கவில்லை. வாடகை நாற்காலிக்காரன் வந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தேவாலயப் பெண்கள் ஒரே நிறத் துணியில் வரிசையாக அழுதார்கள். டோட்சே ஒற்றைச் செருப்போடு நடந்துபோய்ப் புது அடுப்பைப் பிரிக்க ஆரம்பித்தார். ஒரு செங்கலுக்கு ஒரு வசை, எல்லாம் உன் பெயரில். அவருடைய அண்ணன் மறுநாள் கூரையை இறக்கினார்.

சரி, புத்தி வந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை அஞ்சலகத்தைத் திறந்தால் வாசலில் ஏழு பேர். என்ன என்றேன். அடுத்து வரும் அமைச்சருக்குச் சுவர் கேட்டு மனு போட வேண்டுமாம். இந்த ஊரோடு நான் என்ன செய்யட்டும், சொல்.

உன் ரத்தக்கொதிப்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
யாவா


அக்ரா
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் பரவாயில்லை. வீட்டில் எல்லோரும் சுகம், கொஞ்சம் பயத்தோடு.

அக்ரா வந்து சேர்வதற்குள் பதவி போய்விட்டது. வாசற்காவலர் எனக்கு வணக்கம் வைக்கவா வேண்டாமா என்று திணறினார்; நானே முந்திக்கொண்டு வைத்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் பங்களாவைக் காலி செய்ய வேண்டும். மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அவர் என்னையும் வரச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேடை ஏறுவதற்கு முந்தைய நாள், உப்பேரிக்கு வடக்கே உள்ள மேட்டுநிலத்தை முந்நூறு குடும்பத்துக்கு ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டேன். கூடையில் போட்டால் யாராவது நிறுத்திவிடுவார்கள் என்று லார்ட்டே கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு பதிவாளரிடம் போய், எண் போட்டு வாங்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறான். அவனையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னான். அடுத்தவர் அந்த உத்தரவை மதிப்பாரா என்று சொல்ல முடியாது. ரத்துச் செய்ய மாட்டார்கள். நிலுவையில் வைப்பார்கள்.

நான் அங்கே வந்து உன்னோடு இருக்கலாமா? முடியாது என்றால் முடியாது என்றே எழுது.

உன் தம்பி,
கோசி


அட்சிகோபே
அக்டோபர் 28

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ நலமாக வந்து சேர்.

வா. ஆனால் தெரிந்துகொண்டு வா. ஊரில் உனக்கு நல்ல பெயர் இல்லை. உண்மையைச் சொன்னான் என்று பாராட்டுபவர் எஃப்ரேம் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அதைச் சொல்லப் பதினாலு வருஷம் எடுத்துக்கொண்டதுதான் கணக்கு. எனக்கும் அப்படித்தான். மன்னித்தேனா என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரிந்ததும் சொல்கிறேன்.

வீட்டை நான் பிரித்துவிட்டேன். கதவையும் ஜன்னலையும் கழற்றி எஃப்ரேம் வீட்டில் சாய்த்து வைத்திருக்கிறேன். இப்போது அஞ்சலகத்தின் பின்னறையில் படுக்கிறேன். அஞ்சலகமும் அடுத்த மாதம் மேட்டுநிலத்துக்குப் போகிறது. கடலுக்குத் தப்பி அது மாறும் நாலாவது இடம். உன் உத்தரவைப் பற்றி ஊருக்குச் சொன்னேன்; அதை நம்பி அறுபது குடும்பம் அதற்குள் அங்கே கம்பு நட்டுவிட்டது. மாவட்ட அதிகாரி வந்து, மேலிடத்திலிருந்து தகவல் இல்லை, விசாரணையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்க் குழாய் கேட்டாலும் அதே பதில், பாதை கேட்டாலும் அதே பதில். எல்லோரும் என்னிடம் வந்து நிற்கிறார்கள். நான் முத்திரை குத்துகிறவள். எனக்கு மனு எழுதத் தெரியாது.

உனக்குத் தெரியும். ஒரு மனுவை எந்த வரியில் பிடித்துப் படுக்கவைப்பார்கள் என்பது முப்பது வருஷம் படுக்கவைத்தவனுக்குத்தான் தெரியும். உண்டு, இல்லை என்பதைத் தவிர மூன்றாவதாக ஒரு பதிலை எவனும் எழுத முடியாதபடி நீ எழுதிக் கொடுக்க வேண்டும். அஞ்சலக வாசலில் ஒரு பெஞ்சும் மேசையும் போட்டு வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குத் திறப்பேன்.

டோட்சேயிடம் சொன்னேன். கோபமாகத்தான் இருக்கிறார். "அவன் எழுதுனா நான் வருவேன். ஆனா திட்டிட்டுத்தான் வருவேன்" என்றார். திட்டட்டும். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் திட்டிக்கொண்டேதான் சொல்வார்கள். நீ தலையை நிமிர்த்தாமல் மனுவை மட்டும் எழுது.

வெள்ளிக்கிழமை லாரியில் வா. மாத்திரையைக் கொண்டு வா.

அக்கா,
யாவா